பால் மறுக்கும் பிள்ளை

ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கடுமையான கிருமித்தொற்று வந்தால் வீடு முழுக்கத் தெரிந்துவிடும். உடம்பு கொதிக்கும், இருமும், சிணுங்கும், எங்கே வலிக்கிறது என்று கை வைத்துக் காட்டும். பிறந்து இரண்டு வாரமே ஆன குழந்தையின் ரத்தத்தில் கிருமி ஏறும்போது பெரும்பாலும் இவற்றில் எதுவும் நடப்பதில்லை. குழந்தை அமைதியாகிவிடுகிறது. நேற்றுவரை மார்பில் வாய் வைத்ததும் கவ்விப் பிடித்துக் குடித்தது, இன்று நாலு இழுப்பு இழுத்துவிட்டுக் காம்பை விட்டுவிடுகிறது. அழுகை மெலிகிறது. கையைத் தூக்கிவிட்டால் துவண்டு விழுகிறது. "நல்லாத் தூங்குறான், எழுப்பாதே" என்று வீட்டில் யாராவது சொல்கிறார்கள். சொல்பவர் அன்போடுதான் சொல்கிறார். ஆனால் அந்த ஒரு சொல்லில் ஆறேழு மணி நேரம் போய்விடும். பச்சிளங்குழந்தையின் தொற்றில் அவ்வளவு நேரம் உயிருக்கும் சாவுக்கும் உள்ள இடைவெளியாக இருக்கக்கூடும்.

2022இல் உலகம் முழுவதும் பிறந்த ஒரு மாதத்துக்குள் இறந்த குழந்தைகள் ஏறத்தாழ 23 லட்சம். குறைமாதப் பிறப்பு, பிறக்கும் வேளையில் மூச்சு முட்டிப்போவது, கிருமித்தொற்று ஆகிய மூன்றும் இந்த இறப்புகளில் பெரும்பங்கை எடுத்துக்கொள்கின்றன. முதல் இரண்டையும் சமாளிக்கத் தேர்ந்த பிரசவ அறையும் கருவிகளும் வேண்டும். மூன்றாவதற்குப் பல நேரங்களில் வேண்டியிருப்பது ஆம்பிசிலின், ஜென்டாமைசின் போன்ற விலை குறைந்த, அறுபது ஆண்டுகளாகக் கையில் இருக்கும் மருந்துகள். மருந்துக்குப் பஞ்சமில்லை. அது குழந்தையின் உடம்புக்குள் போய்ச் சேரும் நேரம்தான் தவறிப்போகிறது. அந்த நேரத்தை மீட்டுத் தரக்கூடியவர் குழந்தையை ராப்பகலாகப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய். அவர் கண்ணில் படும் சின்ன மாற்றத்தை ஒரு மருத்துவப் பரிசோதனைக்குச் சமமாக மதிக்க வேண்டும் என்பதற்கு வலுவான சான்றுகள் இருக்கின்றன. அவற்றைத்தான் இங்கே விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

நோய் ஏன் இப்படி ஓசைப்படாமல் வருகிறது? கருப்பை கிருமிகள் அண்டாத இடம். அங்கிருந்து வெளியே வரும் குழந்தை, எந்தக் கிருமியோடும் மோதிப் பழகாத உடம்போடு வருகிறது. அதற்குத் துணையாகத் தாயின் ரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போய்ச் சேருகின்றன. அவை பெருமளவில் போவது கர்ப்பத்தின் கடைசி இரண்டு மூன்று மாதங்களில். ஏழாம் மாதமே பிறந்துவிடும் குழந்தை, தாய்வீட்டுச் சீர் வந்து சேர்வதற்கு முன்பே வண்டி ஏற்றி அனுப்பப்பட்ட பெண்ணைப் போல வெறுங்கையோடு வந்து நிற்கிறது. குறைமாதக் குழந்தைகளைத் தொற்று இத்தனை எளிதில் வீழ்த்துவதற்கு இது முதல் காரணம்.

கிருமிகளை விழுங்கிக் கொல்லும் வெள்ளணுக்களும் பச்சிளங்குழந்தைக்கு அதிகம் இருப்பில் இல்லை. பெரியவர்களுக்குத் தொற்று வந்தால் எலும்பு மஜ்ஜை புதிய அணுக்களை அனுப்பிக்கொண்டே இருக்கும், ரத்தப் பரிசோதனையில் எண்ணிக்கை ஏறிக் காட்டும். பிறந்த குழந்தைக்கு அந்தச் சேமிப்பு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. ஆகவே எண்ணிக்கை ஏறியிருப்பதைவிட இறங்கியிருப்பதைப் பார்த்தால்தான் குழந்தை மருத்துவருக்கு அச்சம் கூடும். தோல் மெல்லியது, தொப்புள் இன்னும் ஆறாத புண். ரத்தத்தில் ஏறிய கிருமி மூளையின் உறைக்குள் நுழைவதும் இந்த வயதில் எளிது. வளர்ந்தவர்களுக்கு மூளைக்காய்ச்சலில் கழுத்து விறைக்கும். பச்சிளங்குழந்தைக்குப் பெரும்பாலும் விறைக்காது. உச்சிக்குழி உப்பி நிற்பது ஒரு அடையாளம், ஆனால் அது தெரியும்போது நோய் முற்றியிருக்கும்.

காய்ச்சலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெற்றோரை அதிகம் ஏமாற்றுவது இதுதான். "காய்ச்சல் இல்லையே, பிறகென்ன" என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். பிறந்த குழந்தைக்கு எடையோடு ஒப்பிடத் தோலின் பரப்பு அதிகம். வெப்பம் வேகமாக வெளியேறும். குளிரில் நடுங்கி உடம்பைச் சூடாக்கிக்கொள்ளும் திறமும் அதற்குக் கிடையாது. பிடரியிலும் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் உள்ள பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சூட்டைக் காப்பாற்றிக்கொள்கிறது. கடுந்தொற்றில் அந்த இருப்பும் ஈடுகொடுக்காமல் போக, உடம்பு கொதிப்பதற்குப் பதில் குளிர்ந்துபோகிறது. அக்குளில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கும்போது 37.5 டிகிரி செல்சியஸோ (99.5 ஃபாரன்ஹீட்) அதற்கு மேலோ இருந்தால் எப்படி ஆபத்தோ, 35.5க்குக் கீழே இறங்கினாலும் அதே ஆபத்து. கருவி இல்லாத வீட்டில் வயிற்றையும் உள்ளங்காலையும் தொட்டுப் பார்க்கலாம். கால் மட்டும் சில்லென்றிருந்தால் குழந்தைக்குக் குளிர்கிறது, அணைத்துச் சூடேற்ற வேண்டும். வயிறும் சில்லிட்டிருந்தால் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

கிருமி வரும் வழி இரண்டு. பிறந்த மூன்று நாளுக்குள் தெரியவரும் தொற்று பெரும்பாலும் தாயின் பிறப்புவழியிலிருந்தோ பிரசவ அறையிலிருந்தோ வந்தது. பனிக்குடம் உடைந்து 18 மணி நேரத்துக்கு மேல் ஆகியும் பிரசவம் ஆகாதது, பிரசவ வலியின்போது தாய்க்குக் காய்ச்சல், பனிநீரில் துர்நாற்றம் ஆகியவை இருந்தால் குழந்தையை முதல் மணியிலிருந்தே கண்காணிக்க வேண்டும். மூன்று நாளுக்குப் பிறகு வருவது தூக்குபவர் கையிலிருந்து, தொப்புளிலிருந்து, பால் புட்டியிலிருந்து, மருத்துவமனையில் இருந்தால் அங்கே செருகப்படும் குழாய்களிலிருந்து வருகிறது. மேலை நாடுகளில் முதல் வகைத் தொற்றுக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைக் கிருமி ஒன்று முக்கியக் காரணம். நம் நாட்டு மருத்துவமனைகளில் நிலைமை வேறு. அதைப் பின்னால் பார்ப்போம்.

அறிகுறிகளுக்கு வருவோம். பங்களாதேஷ், பொலிவியா, கானா, இந்தியா, பாகிஸ்தான், தென்னாப்பிரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் இரண்டு மாதத்துக்கு உட்பட்ட 8,889 குழந்தைகளைப் பார்த்து, எந்தெந்த அடையாளம் உண்மையில் கடுநோயைக் காட்டிக்கொடுக்கிறது என்று ஓர் ஆய்வுக் குழு சல்லடை போட்டது. 2008இல் வெளியான அந்த ஆய்வில் கடைசியில் நின்றவை ஏழு. பால் குடிக்கச் சிரமப்படுவதாகத் தாய் சொல்வது. வலிப்பு வந்ததாகச் சொல்வது. தட்டியோ தொட்டோ தூண்டினால் மட்டுமே அசைவது. நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு. மூச்சிழுக்கும்போது மார்பின் கீழ்ப்பகுதி ஆழமாகக் குழிவது. உடல் சூடு 37.5 டிகிரி எட்டுவது, 35.5க்குக் கீழ் இறங்குவது. முதல் வாரக் குழந்தைகளில் இந்த ஏழில் ஒன்றாவது இருந்தால் என்று வைத்துக்கொண்டு பார்த்ததில், கடுநோய் கண்டவர்களில் நூற்றுக்கு 85 பேர் பிடிபட்டார்கள்.

இந்தப் பட்டியலில் முதல் இரண்டையும் கவனியுங்கள். அவை மருத்துவர் கண்டவை அல்ல, தாய் சொன்னவை. "பால் சரியாக் குடிக்கலைங்க" என்ற வாய்ச்சொல் தெர்மாமீட்டருக்குச் சமமான இடத்தில் நிற்கிறது. இந்த முறையில் ஒரு குறை உண்டு. கடுநோய் இல்லாத குழந்தைகளிலும் கால்வாசிப் பேரை இது ஆபத்து என்று காட்டும். அதனால் சில குடும்பங்கள் வீணாக மருத்துவமனைக்கு அலைய நேரும். ஒரு பச்சிளங்குழந்தையின் உயிரோடு வைத்துப் பார்த்தால் அந்த அலைச்சல் தாங்கக்கூடியது என்றுதான் நான் நினைக்கிறேன்.

தமிழ்நாட்டு வீடுகளில் இந்த அறிகுறிகளுக்கெல்லாம் முன்பே பெயர் உண்டு. பால் குடிக்கவில்லை என்றால் மாந்தம். உடம்பு துவண்டால் தோஷம். ஓயாமல் அழுதால் உரம் விழுந்திருக்கிறது. கக்கினால் தொக்கம். ஒவ்வொன்றுக்கும் கயிறு கட்டவும், திருநீறு போடவும், தடவிவிடவும், தொக்கம் எடுக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். குழந்தையின் நிலையில் ஏதோ மாறியிருக்கிறது என்று பாட்டிமார் கண்டுகொண்டதன் அடையாளமே இந்தச் சொற்கள். அந்தக் கூர்மையை நான் மதிக்கிறேன். கண்டுகொண்ட பிறகு போகும் திசைதான் தவறு. ஒரு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையை முதலில் மந்திரிப்பவரிடமும் அடுத்த நாள் மருத்துவரிடமும் கொண்டுபோகும்போது, அந்த ஒரு நாளில் கிருமி பன்மடங்கு பெருகியிருக்கும்.

நோய் வீட்டிலேயே அடையாளம் காணப்பட்டு, வீட்டிலேயே மருந்தும் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய சான்று இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் கிழக்கு மூலையில் உள்ள கட்சிரோலி காடும் பழங்குடி ஊர்களும் நிறைந்த ஏழை மாவட்டம். மருத்துவத் தம்பதியரான அபய் பங், ராணி பங் இருவரும் 1986இல் அங்கே 'சர்ச்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 1990களின் நடுவில் அவர்கள் செய்த முதல் வேலை மருந்து கொடுப்பது அல்ல, பார்ப்பது. ஊருக்கு ஊர் ஓரளவு படித்த பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, 39 ஊர்களில் பிறக்கும் குழந்தைகளை வீட்டுக்கே போய் 28 நாள் வரை கவனித்துக் குறிக்கச் சொன்னார்கள். 1995-96இல் இப்படிக் கவனிக்கப்பட்ட 763 குழந்தைகளில் 54 சதவீதத்துக்கு மருத்துவ உதவி தேவைப்பட்டது. மருத்துவர் கண்ணில் பட்ட குழந்தைகளோ 2.6 சதவீதம் மட்டுமே.

நோயுற்ற குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொன்னால் குடும்பங்கள் போகவில்லை. தூரம், செலவு, மழை, தீட்டு காலம், மருத்துவமனையில் நடத்தப்படும் விதம் எனப் பல தடைகள். அதனால் அடுத்த கட்டமாக, அந்தக் கிராமப் பெண்களுக்கே ஜென்டாமைசின் ஊசி போடக் கற்றுக்கொடுத்தார்கள். கூடவே வாய்வழியாகக் கோட்ரைமாக்ஸசோல் சொட்டு. பெற்றோரின் சம்மதம் வாங்கி, ஏட்டில் குறித்து, மேற்பார்வையோடு இது நடந்தது. டாக்டர் பட்டமில்லாத ஒரு பெண் பச்சிளங்குழந்தைக்கு ஊசி போடுவதா என்ற கேள்வி இயல்பானது. அதற்குப் பதிலை எண்களே சொல்லின. ஊசி தொடங்குவதற்கு முன்பு ரத்தத் தொற்று கண்ட 163 குழந்தைகளில் 16.6 சதவீதம் இறந்திருந்தன. கிராமப் பெண்கள் மருந்து கொடுத்த 71 குழந்தைகளில் இறந்தவை 2.8 சதவீதம். தொற்றுச் சிகிச்சையோடு மூச்சுத்திணறலுக்கு முதலுதவி, குழந்தையைச் சூடாக வைத்திருத்தல், தாய்ப்பால் உதவி எல்லாம் சேர்ந்ததில், திட்டம் தொடங்கிய மூன்றாம் ஆண்டில் பிறந்த ஒரு மாதத்துக்குள்ளான இறப்பு, ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த பக்கத்து ஊர்களைவிட 62 சதவீதம் குறைந்தது. 1999இல் 'லான்செட்' இதழில் இந்த முடிவுகள் வந்தன.

அவர்கள் பின்னர் தொகுத்துச் சொன்ன அடையாளங்களும் ஏழுதான். அவற்றில் ஒரு நுட்பம் இருக்கிறது. 'அழுகை மெலிந்தது' என்று அவர்கள் எழுதவில்லை. முன்பு நன்றாக இருந்த அழுகை மெலிந்தது அல்லது நின்றது என்று எழுதினார்கள். பால் உறிஞ்சுவதையும் அப்படியே, முன்பு நன்றாக உறிஞ்சிய குழந்தை இப்போது மெதுவாகிவிட்டது அல்லது நிறுத்திவிட்டது என்று எழுதினார்கள். இவற்றோடு மயக்கம் அல்லது தூக்கத்திலேயே கிடப்பது, உடம்பு சுடுவது அல்லது குளிர்வது, தோலிலோ தொப்புளிலோ சீழ், வயிற்றுப்போக்கு அல்லது நிற்காத வாந்தி அல்லது வயிறு ஊதுவது, முனகல் அல்லது மார்புக் குழிவு. இவற்றில் இரண்டு ஒரே நேரத்தில் இருந்தால் போதும், மருந்து தொடங்க வேண்டும். 'முன்பு' என்ற அந்த ஒப்பீட்டைச் செய்ய முந்தைய நாளும் குழந்தையைப் பார்த்தவரால்தான் முடியும். எவ்வளவு படித்த மருத்துவரானாலும், முதல்முறையாகக் குழந்தையைப் பார்ப்பவர் அந்தத் தகவலுக்குத் தாயைத்தான் கேட்டாக வேண்டும்.

கட்சிரோலி அனுபவம் மற்ற இடங்களுக்கும் பரவியது. 2011இல் இந்திய அரசு ஆஷா பணியாளர்கள் வீடு தேடிப் போய்ப் பச்சிளங்குழந்தைகளைப் பார்க்கும் திட்டத்தைத் தொடங்கியது. மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42ஆம் நாள்களில் பார்க்க வேண்டும். 2014இல், மருத்துவமனைக்குப் போக வழியில்லாத சூழலில் துணைச் செவிலியர்கள் ஜென்டாமைசின் கொடுக்கலாம் என்று மத்திய அரசு வழிகாட்டியது. ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும் நடந்த பெரிய ஆய்வுகள் எளிதாக்கப்பட்ட மருந்து முறைகளும் பலன் தருகின்றன என்று காட்டின. அதன் பேரில் 2015இல் உலக சுகாதார நிறுவனம், மருத்துவமனைச் சேர்க்கை எந்த வகையிலும் முடியாத குடும்பங்களுக்கு ஜென்டாமைசின் ஊசியும் வாய்வழி அமாக்ஸிசிலினும் வெளிநோயாளியாகக் கொடுக்கலாம் என்று விதிமுறை வகுத்தது. வலிப்பு வந்த குழந்தை, நினைவிழந்த குழந்தை, கொஞ்சமும் பால் குடிக்காத குழந்தை இதில் சேராது. அவற்றை எப்படியாவது மருத்துவமனையில் சேர்த்தாக வேண்டும். வாகனமும் மருத்துவமனையும் எட்டும் தூரத்தில் இருக்கும் தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்களுக்கு முதல் வழி எப்போதும் மருத்துவமனைதான்.

அங்கே என்ன நடக்கிறது என்று பெற்றோருக்கு யாரும் நிதானமாகச் சொல்வதில்லை. "கண்ணாடிப் பெட்டியில வெச்சிருக்காங்க" என்பதோடு அவர்களுக்குத் தெரிந்தது முடிந்துவிடுகிறது. முதலில் குழந்தைக்குச் சூடு. குளிர்ந்த உடம்பில் ஆக்ஸிஜன் தேவையும் சர்க்கரைச் செலவும் கூடுகின்றன. அடுத்து ரத்தச் சர்க்கரை. பால் குடிக்காத குழந்தையின் ஈரலில் சேமிப்பு சீக்கிரம் தீர்ந்து, சர்க்கரை சரிந்து மூளை பாதிக்கப்படும். மார்பெலும்பின் மேல் விரலால் சில விநாடி அழுத்தி எடுத்தால் வெளுத்த தோல் மூன்று விநாடிக்குள் சிவக்க வேண்டும். தாமதித்தால் ரத்த ஓட்டம் தளர்ந்திருக்கிறது என்று பொருள். ரத்த அழுத்தம் இறங்குவது இதற்கெல்லாம் பிந்தித்தான் நடக்கும், அதுவரை காத்திருக்கக் கூடாது.

பிறகு, முதல் ஊசி போடும் முன், ரத்தம் எடுத்துக் கிருமி வளர்ப்புக்கு அனுப்புகிறார்கள். முடிவு வர இரண்டு நாள் ஆகும். மருந்து அதற்காகக் காத்திராமல் உடனே தொடங்கும். சி.ஆர்.பி. என்ற ரத்தப் பரிசோதனை பலருக்குத் தெரிந்த பெயர். தொற்று தொடங்கிப் பல மணி நேரம் கழித்துத்தான் அது ஏறும். அதனால் முதல் முறை எடுத்தபோது சரியாக இருந்தது என்பதை மட்டும் வைத்து நோயில்லை என்று வீட்டுக்கு அனுப்ப முடியாது. முதுகில் ஊசி போட்டு நீர் எடுப்பதற்குப் பல பெற்றோர் மறுக்கிறார்கள், கால் விளங்காமல் போய்விடும் என்ற அச்சம். முதுகுத்தண்டு முடிவடையும் இடத்துக்குக் கீழேதான் அந்த ஊசி போடப்படுகிறது. மூளைக்காய்ச்சல் இருந்தால் மருந்தின் வகையும் அளவும் நாள்களும் மாறும் என்பதால் அந்தச் சில சொட்டு நீர் மிக முக்கியம்.

பச்சிளங்குழந்தைக்கு மருந்து கொடுப்பது பெரியவர்களின் மருந்தைக் கொஞ்சமாகக் கொடுப்பதல்ல என்பதை மருத்துவ உலகம் பெரிய விலை கொடுத்துக் கற்றது. 1950களில் லாஸ் ஏஞ்சலஸ் மருத்துவமனை ஒன்றில், பனிக்குடம் முன்கூட்டியே உடைந்து குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்குத் தொற்று வராமல் தடுக்கக் குளோரம்பெனிக்கால் கொடுத்தார்கள். கொடுக்கப்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேல் இறந்தன. எந்த மருந்தும் கொடுக்காத குழந்தைகளில் இறப்பு ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. வளராத ஈரலால் அந்த மருந்தை மாற்றி வெளியேற்ற முடியாமல், அது உடம்பில் தேங்கிக் குழந்தைகள் சாம்பல் நிறமாகிப் போயிருந்தார்கள். 1959இல் வெளியான அந்த ஆய்வுக்குப் பிறகுதான் பச்சிளங்குழந்தைகளுக்கு மருந்தின் அளவைத் தனியாக ஆராயும் வழக்கம் வலுப்பெற்றது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தை ஒரு மாதக் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இந்த வரலாறும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் இதைவிடக் கவலை தருவது. 2011 முதல் 2014 வரை டெல்லியின் மூன்று பெரிய அரசு மருத்துவமனைகளில் பிறந்த 88,636 குழந்தைகளில், தீவிரச் சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்ட 13,530 பேரை ஓர் ஆய்வு பின்தொடர்ந்தது. அவர்களில் 14.3 சதவீதத்துக்கு ரத்தத் தொற்று. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு முதல் மூன்று நாளுக்குள் வந்தது. ரத்தத்தில் அதிகம் வளர்ந்தவை அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா, ஈ.கோலை. முதல் இரண்டும் மருத்துவமனைச் சூழலில் ஒட்டிக்கொண்டு வாழும் கிருமிகள். அசினெட்டோபாக்டரில் நூற்றுக்கு 82, கிளெப்சியெல்லாவில் 54 பல மருந்துகளை எதிர்த்து நின்றன. பிறந்த ஓரிரு நாளிலேயே இத்தகைய கிருமி குழந்தையின் ரத்தத்தில் இருக்கிறது என்றால், பிரசவ அறையின் குழாயும் கையுறையும் தொட்டியும் கைகளும் கேள்விக்கு உள்ளாகின்றன. சளிக்கும் வயிற்றுப்போக்குக்கும் நாம் கடையில் வாங்கி விழுங்கும் ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளுக்கும் இதில் பங்குண்டு. கட்சிரோலியில் ஜென்டாமைசின் செய்த வேலையை ஒரு பெருநகர மருத்துவமனையின் கிருமிகளிடம் அது இன்று செய்யும் என்று உறுதி சொல்ல முடியாது.

ஒரு மாதம் கடந்த பிள்ளைகளுக்கு அடையாளங்கள் சற்று வெளிப்படையானவை. நிமோனியாவைக் கண்டுபிடிக்க 1980களில் பப்புவா நியூ கினியின் கொரோகாவில் பணியாற்றிய மருத்துவர் ஃபிராங்க் ஷானும் அவரது குழுவினரும் காட்டிய வழி இன்றும் நிற்கிறது. மூச்சை எண்ண வேண்டும், அவ்வளவுதான். குழந்தை அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, முழுதாக ஒரு நிமிடம் வயிறும் மார்பும் ஏறி இறங்குவதை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணைத் தொட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, மூக்குத் துவாரம் விரிந்தாலோ, எதையும் குடிக்க முடியாமல் போனாலோ, எழுப்பினால் எழாவிட்டாலோ அன்றைக்கே, அந்த மணியிலேயே. காய்ச்சலோடு கழுத்து விறைப்பும், விரலால் அழுத்தினாலும் மறையாத ஊதாப் புள்ளிகளும் அதே அவசரம்.

அதிர்ச்சி நிலைக்குப் போன குழந்தைக்கு நீர் ஏற்றுவதில்கூட நம்பிக்கைகள் மாறியிருக்கின்றன. கென்யா, உகாண்டா, டான்சானியா நாடுகளில் 3,141 குழந்தைகளிடம் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், காய்ச்சலோடு ரத்த ஓட்டம் தளர்ந்து வந்தவர்களுக்கு வேகமாக நீர் ஏற்றியபோது 48 மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 10.5 சதவீதம் இறந்தார்கள். அப்படி ஏற்றாதவர்களில் 7.3 சதவீதம். வயிற்றுப்போக்கால் வறண்ட குழந்தைகள் அதில் சேர்க்கப்படவில்லை. மூச்சுக்கருவி இல்லாத மருத்துவமனைகளில் நடந்தது என்பதையும் மறக்கக் கூடாது. "ஒரு பாட்டில் ஏத்தி விடுங்க டாக்டர்" என்று நம் ஊரில் பெற்றோர் கேட்பது வழக்கம். ஏற்ற வேண்டிய அளவையும் வேகத்தையும் மருத்துவர் முடிவு செய்யட்டும்.

வராமல் தடுப்பதைப் பற்றிச் சொல்லப் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. குழந்தையைத் தூக்கும் ஒவ்வொருவரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், பார்க்க வந்த உறவினரையும் சேர்த்துத்தான். சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால், உரைமருந்து எதுவும் வேண்டாம். சீம்பாலில் குழந்தையின் குடலைக் காக்கும் எதிர்ப்புப் புரதங்கள் நிறைந்திருக்கின்றன. தொப்புளில் சாம்பலோ எண்ணெயோ சாணமோ வைக்காமல் உலர விட வேண்டும். தாய்மார்களுக்குத் தடுப்பூசியும் சுத்தமான பிரசவமும் கிடைத்ததால்தான் பச்சிளங்குழந்தைகளின் ரணஜன்னி பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாமல் ஒழிந்தது என்று 2015இல் இந்தியா அறிவிக்க முடிந்தது. எடை குறைந்த குழந்தைகளைப் பிறந்ததும் தாயின் வெற்று மார்போடு அணைத்து வைப்பதால் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைவதை, இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்த 2021 ஆய்வு காட்டியது. மூளைக்காய்ச்சலுக்கும் நிமோனியாவுக்கும் காரணமான ஹிப் கிருமிக்கு எதிரான ஐந்து நோய்த் தடுப்பூசியை அரசுத் திட்டத்தில் நாட்டிலேயே முதலில், 2011 டிசம்பரில், தொடங்கியவை தமிழ்நாடும் கேரளமும். அந்த ஊசிகளைத் தள்ளிப்போடாதீர்கள்.

கடைசியாக, குழந்தையைச் சுற்றி முடிவெடுக்கும் இடத்தில் இருக்கும் தகப்பன்மாருக்கும் மாமியாருக்கும் பாட்டிமாருக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். குழந்தை கடைசியாக எப்போது நன்றாகக் குடித்தது, எப்போது சிறுநீர் கழித்தது என்பதை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். ஒரு வயது வரையிலான நோயுற்ற குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சையும் மருந்தும் பரிசோதனையும் போய்வர வண்டியும் இலவசம் என்பது 2011இல் தொடங்கி 2014இல் விரிவாக்கப்பட்ட தேசியத் திட்டத்தின் உறுதி. 108ஐ அழையுங்கள். போகும் வழியில் குழந்தையைத் தாயின் மார்போடு தோலில் தோல் படும்படி அணைத்துப் போர்த்துங்கள். குடிக்க முடிந்தால் பால் கொடுத்துக்கொண்டே போங்கள், முடியாத வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பெற்றவள் "பிள்ளை நேத்து மாதிரி இல்ல" என்று சொன்னால், விடியட்டும் பார்க்கலாம் என்று சொல்லாமல் அந்த ராத்திரியிலேயே கிளம்புங்கள்.